முருகையன் மூக்கில் ஊற்றிய தண்ணீர்

முருகையனுக்கு நாற்பத்தேழு வயது. மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு நெல் கொள்முதல் நிலையத்தில் தூற்றும் இயந்திரம் ஓட்டினார். நெல்லைக் கொட்டினால் பதரும் தூசியும் ஒரு பக்கமாகப் பறக்கும். அந்தப் பக்கத்தில்தான் அவர் நாள் முழுக்க நிற்பார். பத்து வருடத் தூசியில் மூக்கு அடைத்துப்போய், மீன் குழம்பின் வாசனைகூடத் தெரியாமல் சாப்பிட்டுவந்தார்.

மகள் சுடர்விழி தஞ்சாவூரில் நர்சிங் படித்தாள். மூக்கைக் கழுவுகிற சின்னக் கெண்டி ஒன்றை வாங்கி அனுப்பிவிட்டு போன் செய்தாள். "அப்பா, தண்ணிய நல்லா கொதிக்க வச்சு, ஆறுனதும் உப்புப் போட்டு ஊத்துங்க. பச்சத் தண்ணி வேணாம்."

"சரிம்மா, சரிம்மா."

ஒரு வாரத்தில் அவரே கூப்பிட்டார். "பாப்பா, அம்மா கொத்தமல்லி கிள்ளுறா, வாசல்ல இருக்கற எனக்கு வாசம் வருது!" குழந்தை மாதிரி சிரித்தார்.

வீட்டில் மனைவி தங்கம்மாள் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தாள். வைகாசியில் கோடை நெல் குவிந்ததும் அவர் நிலையத்திலேயே தங்கிவிட்டார். கெண்டியும் கூடப் போயிற்று. அங்கே வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் தொட்டியில் குழாயைத் திறந்தாலே வெதுவெதுப்பாகத் தண்ணீர் வரும். அதில் உப்பைக் கரைத்து ஊற்றிக்கொண்டார்.

ஆறாம் நாள் தலை பிளக்கிற வலி. காய்ச்சல், வாந்தி. வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். மறுநாள் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. தங்கம்மாளைப் பார்த்து, "நீங்க யாரு?" என்று கேட்டார். தஞ்சாவூருக்குக் கொண்டுபோனார்கள்.

முதுகுத்தண்டு நீரைப் பரிசோதித்துவிட்டு டாக்டர் வெளியே வந்தார். "தண்ணியில இருக்கற ஒரு அமீபா, மூக்கு வழியா மூளைக்கு ஏறியிருக்கு. குடிச்சா ஒண்ணும் பண்ணாது, மூக்குல போனாத்தான் ஆபத்து. குளம், குட்டையில குளிச்சாரா?"

தங்கம்மாள் மகளை ஒருமுறை பார்த்தாள். "இல்லீங்க. மூக்குல தண்ணியே ஏறலீங்க."

அம்மா யாருக்காகப் பொய் சொல்கிறாள் என்று சுடர்விழிக்குப் புரிந்தது. "மூக்கு கழுவுவாரு சார்," என்றாள். "நான்தான் கெண்டி வாங்கிக் குடுத்தேன்."

இருந்த மருந்தெல்லாம் கொடுத்துப் பார்த்தார்கள். நான்காம் நாள் மத்தியானம் உயிர் போய்விட்டது.

நிலையத்தில் அவரோடு மூட்டை தைத்த நௌஷாத் துக்கம் கேட்க வந்தார். "அண்ணன் உன் பேச்சத் தட்டல தாயி. 'காய்ச்சித்தான் ஊத்தணும்னு எம்பொண்ணு சொல்லுச்சு, இங்க அடுப்புக்கு எங்க போறது? இதுவும் சூடாத்தானே இருக்கு'ம்பாரு."

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். சுடர்விழி எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டாள். கொதிக்க வைக்கச் சொன்னவள், எதற்கு என்று சொல்லவில்லை. அவளுக்கே அப்போது தெரியாது. கெண்டி வந்த அட்டைப்பெட்டியில் இருந்ததைப் படித்துச் சொன்னாள், அவ்வளவுதான்.

யாராவது விசாரித்தால் தங்கம்மாள் இன்னமும், "மூளைக் காய்ச்சல்," என்று சொல்லி நிறுத்திக்கொள்வாள். மகள் பக்கத்தில் இருந்தால் விடுவதில்லை. கெண்டி, தொட்டி, தண்ணீர் என்று எல்லாவற்றையும் சொல்வாள், தான் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து. அவள் முடிக்கும்வரை உட்கார்ந்திருக்கத் தங்கம்மாளால் ஆவதில்லை.