கேட்கத் தெரியாத லவான்

லவான் ஹாக்ஸ்டாட் முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். பனி உறைந்து வழுக்கும் மேட்டில்கூட அவள் வண்டி நின்றதில்லை. பின் இருக்கையில் அடித்துக்கொள்ளும் பிள்ளைகளைக் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தே அடக்கிவிடுவாள். அப்பேர்ப்பட்டவளுக்கு ஒரே ஒரு காரியம் மட்டும் வரவே வராது. யாரிடமும் எதையும் கேட்க மாட்டாள்.

அவளை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. அல்டர் ஃபோர்டு என்ற இந்தச் சின்ன ஊரில் பிறந்த எங்கள் எல்லோருக்கும் அந்த வியாதி உண்டு. ஒரு வீட்டுக்குப் போனால் காபி வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு மூன்றாவது தடவைதான் கோப்பையை வாங்குவோம். நாமாகப் போய் ஒன்றைக் கொடுப்பதும் எங்களுக்குக் கூச்சம். பெரிய மனுஷத்தனம் காட்டுகிறான் என்று யாராவது நினைத்துவிட்டால் என்ன செய்வது? இந்த மரியாதையை வைத்துக்கொண்டு நாங்கள் எப்படித்தான் கல்யாணம் கட்டி, பிள்ளை பெற்று, ஊராக நிற்கிறோம் என்று எனக்கே சில சமயம் ஆச்சரியமாக இருக்கும்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் லவான் ஒரு பழைய பேருந்தை வாங்கிப் பச்சைச் சாயம் அடித்தாள். கோடையில் வெளியூர்க்காரர்களை ரப்பர் டியூபுகளோடு அதில் ஏற்றி, லிட்டில் ஆட்டர் ஆற்றின் மேல்பக்கத்தில் இறக்கிவிடுவாள். அவர்கள் பாறைச் சரிவுகளை வேடிக்கை பார்த்துக்கொண்டே மிதந்து வந்து ஊருக்குக் கீழே கரையேறுவார்கள். அது பிழைப்பு. அவள் உயிர் இருந்தது வேறு இடத்தில். ஆற்றோரத்தில் நிற்கும், கல்லால் கட்டிய பழைய மாவு ஆலையை சனி, ஞாயிறுகளில் திறந்து வைப்பாள். அவள் புருஷன் மெர்ல் மதகைத் தூக்குவான், பெரிய மரச் சக்கரம் முனகிக்கொண்டு சுற்றும், உள்ளே கல் உருளும். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து வந்தவர்கள் கட்டிய ஆலை அது; இப்போது மாவட்டத்தின் சொத்து. வருகிறவர்களின் உள்ளங்கையில் லவான் சூடாக ஒரு பிடி சோளமாவைப் போடுவாள். போடும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

வருகிறவர்கள்தான் குறைந்துபோனார்கள். பழைய ரயில் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு மாவட்டம் ஒரு சைக்கிள் பாதை போட்டிருந்தது. கிழக்கிலிருந்து காடும் பாலமுமாக அழகாக வரும் அந்தப் பாதை, வெர்லின் டால்கியின் பால்பண்ணை வேலியில் வந்து முட்டி நின்றது. ரயில் நின்றுபோனபிறகு, தடம் போன அந்தத் துண்டு நிலம் அவனுக்கே திரும்பியிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் பாதையின் முனை. இந்தப் பக்கம், புல்வெளி தாண்டி, ஆலை. நடுவில் மேய்ச்சல் நிலம். சைக்கிள்காரர்கள் வேலியைப் பார்ப்பார்கள், லாரி ஓடும் நெடுஞ்சாலையைப் பார்ப்பார்கள், வந்த வழியே திரும்பிவிடுவார்கள். கடைசியில் மாவட்டக்காரர்கள் சொல்லிவிட்டார்கள்: அடுத்த கோடைக்குள் பாதை ஆலை வாசலுக்கு வந்தால் ஆலை இருக்கும். இல்லாவிட்டால் இந்த இலையுதிர் காலத்தோடு பூட்டிச் சாவியை ஒப்படைக்க வேண்டியதுதான்.

லவானும் இருந்த ஊர்ப் பாதைக் குழு தேவாலயத்தின் கீழறையில் ஆறு வருடமாகக் கூடிக் கூடிக் கலைந்தது. குன்றைச் சுற்றி மாற்று வழி போடலாமா என்று பேசினார்கள். ஆற்றின் குறுக்கே இன்னொரு பாலம் கட்டலாமா என்று பேசினார்கள். வெர்லினைக் கேட்கலாம் என்று மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும். பல வருடம் முன்பு இடி விழுந்து வெர்லினின் மாட்டுக்கொட்டகை எரிந்தபோது ஊரே திரண்டு போய் அதைக் கட்டிக் கொடுத்தது. மெர்ல்தான் கூரைமேல் ஏறி நின்றவன். இப்போது போய் நிலம் கேட்டால் அவனால் முடியாது என்று சொல்ல முடியுமா? முடியாது என்று சொல்ல முடியாதவனிடம் கேட்பது மனுஷத்தனமா? செய்த உதவிக்குக் கூலி கேட்ட மாதிரி ஆகிவிடாதா? லவான் இதை நினைத்து நினைத்தே மென்று முழுங்கினாள்.

அவள் தங்கை ஜோரின் வேறு ஊரில் வாக்கப்பட்டுக் கொஞ்சம் வாய் முளைத்தவள். கேட்காமலே ஆலையை மூடிவிட்டு, அப்புறம் ஆயுசுக்கும் மூக்கைச் சிந்திக்கொண்டிரு என்று போனில் திட்டினாள். அது லவானுக்கு உறைத்தது. செப்டம்பர் முடிகிற வாரத்தில் ஒரு மத்தியானம் ஆப்பிள் பை என்ற பலகாரம் ஒன்று சுட்டு எடுத்துக்கொண்டு டால்கி பண்ணைக்குப் போனாள்.

வெர்லின் இரண்டு தடவை எதற்கு சிரமம் என்று சொல்லிவிட்டுப் பலகாரத்தை வாங்கிக்கொண்டான். அவன் மனைவி ஆர்டிஸ் சமையலறை ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தாள். இரண்டு வருடம் முன்பு வந்த பக்கவாதம் அவளுடைய வலது காலையும் கையையும் எடுத்துக்கொண்டு போனபோது, கூடவே ஊர் மரியாதையையும் கொண்டுபோய்விட்டது. மனசில் பட்டதை அப்படியே சொல்லிவிடுவாள். பிரசங்கம் பாதியிலேயே முடிந்துவிட்டது, அதற்கப்புறமும் ஏன் பேசினீர்கள் என்று பாதிரியாரைக் கேட்டவள். அவளுக்காக மன்னிப்புக் கேட்பதே வெர்லினுக்கு வேலையாகிப்போனது.

அன்று அவள் பலகாரத்தைத் தின்றுகொண்டு சும்மா கேட்டுக்கொண்டிருந்தாள். மற்ற இருவரும் மழையைப் பேசினார்கள், மான்கள் தின்று தீர்த்த சோயாவைப் பேசினார்கள், ஆற்றில் இந்த வருடம் ட்ரவுட் மீன் பெருத்திருப்பதைப் பேசினார்கள். லவான் கிளம்புகிறேன் என்று எழுந்து, சமையலறையில் கொஞ்ச நேரம் நின்றாள், வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள், பிக்கப் வண்டியில் ஏறி இஞ்சினைப் போட்டுக் கண்ணாடியை இறக்கினாள். எங்கள் ஊரில் முக்கியமான பேச்செல்லாம் வண்டி ஜன்னலில்தான் நடக்கும். வெர்லின் கதவில் முழங்கையை ஊன்றிக்கொண்டு நின்றான்.

“அந்தப் பழைய ரயில் தடத்துல புல்லு ஒட்ட வெட்டியிருக்கியே” என்றாள் லவான்.

“ம். வெட்டினேன்.”

“மாட்டுக்கா?”

“இல்ல. சும்மாத்தான்.”

  வெர்லின் வண்டியின் கதவை இரண்டு தட்டு தட்டினான். போய் வா என்று அர்த்தம். லவான் கியரைப் போட்டாள்.

சமையலறை ஜன்னல் படாரென்று திறந்தது.

“லவான், இஞ்சின அணை” என்றாள் ஆர்டிஸ்.

முப்பது வருடம் ஊர்ப் பிள்ளைகளை அடக்கியவள், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அணைத்தாள்.

“உனக்கு எங்க நிலத்து வழியாப் பாதை வேணும். அதக் கேக்கத்தான் வந்த. கேக்காமப் போற. வெர்லின், நீ ஆறு வருஷமா அந்தத் தடத்துல புல்ல வெட்டி வெச்சிக்கிட்டு, யாராச்சும் வந்து கேக்க மாட்டாங்களான்னு ரோட்டயே பாத்துட்டு இருக்க. ரெண்டு பேரும் இப்பப் பேசல, நான் இந்த நாற்காலியோட ஜன்னல் வழியா வெளிய வந்துருவேன்.”

லவான் வெர்லினைப் பார்த்தாள். அவன் முகம் காது வரைக்கும் சிவந்துபோயிருந்தது.

“நீங்க குன்றச் சுத்தி வழி போடப் போறதாக் கேள்விப்பட்டேன்” என்றான் தரையைப் பார்த்து. “எங்க மாட்டு நாத்தம் வர்றவங்களுக்கு ஆகாதுன்னு ஒதுக்கிட்டீங்கன்னு நெனச்சேன். வேணாம்னு இருக்கறவங்ககிட்டப் போயி இந்தா வெச்சிக்கோங்கன்னு எப்படிச் சொல்றது?”

“கொட்டகை கட்டினதுக்குக் கூலி கேக்க வந்துட்டாளேன்னு நீ நெனப்பியோன்னு நான் பயந்தேன்” என்றாள் லவான்.

“அட கர்த்தரே” என்றாள் ஆர்டிஸ். “இப்பக் கேளு.”

“வெர்லின், பாதைக்கு இடம் குடுப்பியா?”

“அப்படியும் பண்ணலாம்…”

“வெர்லின்!” என்று அதட்டினாள் ஆர்டிஸ்.

“குடுக்கறேன்” என்றான். அவன் முகத்திலிருந்து ஒரு சுமை இறங்கியது அப்பட்டமாகத் தெரிந்தது. லவானுக்குச் சிரிப்பும் வெட்கமும் கோபமும் ஒன்றாக வந்தன. இறங்கிப் போய் இன்னொரு துண்டு பலகாரம் தின்றாள், முதல் தடவை நீட்டியபோதே வாங்கி.

மாவட்டக்காரர்கள் சாவியைக் கேட்கவில்லை. பனி உருகியதும் யாரும் கூப்பிடாமலே டிராக்டர்கள் வந்து நின்றன. சுண்ணாம்புக்கல் தூளைக் கொட்டி, உருளை விட்டு அமுக்கி, வெர்லின் வேலியை நகர்த்திப் போட்டு, ஜூன் மாதம் பாதை ஆலை வாசலைத் தொட்டது. முதல் சனிக்கிழமையே மாவு தீர்ந்துபோய் லவான் இரண்டாவது சோள மூட்டையைப் பிரித்தாள்.

மத்தியானத்துக்கு மேல் அந்தப் பாதையில் வெர்லின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தான். பக்கவாதம் வந்த பிறகு ஆர்டிஸ் காரைத் தவிர வேறெதிலும் பண்ணையைத் தாண்டியதில்லை. முற்றத்துச் சரளையில் நாற்காலிச் சக்கரம் புதைந்துவிடும். இப்போது வியர்த்துச் சிவந்து, தொப்பி சாய்ந்து, ராணி மாதிரி வந்து சேர்ந்தாள். லவான் ஓடிப்போய் வரவேற்றாள். ஆர்டிஸ் சிரிக்கவில்லை.

“எங்க வீட்லேர்ந்து இவ்ளோதானா தூரம்?” என்றாள். “ஆறு வருஷத்துல நாலு வருஷம் எனக்குக் காலு நல்லா இருந்துச்சு லவான். தெனம் நடந்து வந்திருப்பேன். உங்க ரெண்டு பேரு மரியாதையில அது போச்சு.”

வெர்லின் வேறு பக்கம் திரும்பினான். ஆர்டிஸின் முகத்தைப் பார்க்கவே லவானுக்குக் கஷ்டமாக இருந்தது. வழக்கமாக இந்த மாதிரி சமயத்தில் நாங்கள் வானிலையைப் பேசுவோம்.

“தப்புத்தான் ஆர்டிஸ்” என்றாள். “என் தப்பு. மன்னிச்சிரு.”

“மன்னிக்காம எங்க போறது. மீதிக் கோடையெல்லாம் வருவேன், தெனம் வருவேன். முதல்ல உள்ள கூட்டிட்டுப் போ. சக்கரம் சுத்தறத நான் பாக்கணும்.”

ஆலை வாசலில் மூன்று கல் படி. மெர்லுக்கு முதுகு சரியில்லை, வெர்லினுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. அவர்கள் இருவரும் படியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பக்கத்துப் புல்லில் நான்கு சைக்கிள்காரர்கள், முன்பின் தெரியாத இல்லினாய் மாநிலத்துக்காரர்கள், உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தார்கள். லவான் அவர்களைப் பார்த்தாள். கையிலிருந்த மாவைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

“ஏப்பா, நாலு பேரும் இங்க வாங்க. இந்த நாற்காலிய மேல தூக்கணும்.”

நால்வரும் சாண்ட்விச்சைப் புல்லிலேயே வைத்துவிட்டு எழுந்து வந்தார்கள். கேட்பது இவ்வளவு சின்ன வேலையா என்று லவானுக்கு அழுகையே வந்துவிட்டது.