நான்கு இறக்கையும் ஒரு ‘விடு’வும்

சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், இன்று காலை எங்கள் ஊர் ஆயர் ஈத்தாமிலிருந்து ஒரு ராக்கெட் ஏவப்பட்டது. உடல், சோடா போத்தல். எரிபொருள், குழாய்த் தண்ணீர்.

எங்கள் பள்ளி ராக்கெட் கழகத்தில் மூன்று இறக்கைதான் வழக்கம். நேற்று நான் நான்கு ஒட்டி, கழகத் தலைவர் தினேஷ் அண்ணனுக்குப் படம் அனுப்பினேன்.

“அண்ணே, இத விடலாமா?”

“விடு.”

இன்று விட்டேன். நேரே, கழகப் பொறுப்பாசிரியர் சார் திடலோரம் நிறுத்தியிருந்த காடி மேல் விழுந்தது.

“‘வேணாம், விடு’ன்னுதான் சார் நான் சொன்னேன். தம்பி கேக்கல லா!” என்றார் அண்ணன்.

இறக்கைகளை நிமிர்த்தி மறுபடி விட்டேன். திடலையே தாண்டிப் பறந்தது.

“நான்தான் சார் விடுன்னு சொன்னேன்!” அதே வாய்.

“எப்படிப் பறந்துச்சு?” என்று சார் கேட்டபோது மட்டும் அண்ணன் என்னைப் பார்த்தார். ஆனாலும் மாநிலப் போட்டியில் அதை விளக்கப்போவது அவராம்.

விட்டது நான். எல்லார் முன்னாலும் விட்டுக்கொடுக்கப்பட்டதும் நான்.

சரி, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த ‘விடு’வுக்குப் பக்கத்தில் கும்பிடும் கைப்படம் ஒன்றும் இருந்தது. வேண்டாமென்று கெஞ்சுகிறார் என்று புரிந்தது. ஆனாலும் ராக்கெட்டுக்குப் பூஜை என்று எடுத்துக்கொண்டேன்.

நீங்களாக இருந்தால் விட்டிருப்பீர்களா, இல்லை, விட்டிருப்பீர்களா?