ஷாக் அப்சர்

மயிலாடுதுறைக்கு மேற்கே, காவிரிக் கரையில் இருக்கிற ஓர் ஊரில் மலையில் ஓட்டும் சைக்கிள் வந்து இறங்கினால் என்ன ஆகும்? ஊரே கூடிச் சிரிக்கும். சிரித்தது. அந்த ஊரில் ஆகப் பெரிய மேடு எது தெரியுமா? பள்ளிக்கூடத்து வாசலில் போட்டிருக்கும் வேகத்தடைதான்.

சைக்கிள் சுடர்விழிக்கு வந்தது. திருப்பனந்தாள் பக்கம் ஒரு பள்ளியில் விளையாட்டு டீச்சர் அவள். பதினொன்றாம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த இலவச சைக்கிளில் பிடித்த பைத்தியம். மற்றப் பிள்ளைகள் அதில் பள்ளிக்கூடம் போனார்கள்; இவள் வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் ஓட்டி, சேற்றோடு வீடு வந்து திட்டு வாங்கினாள். அப்புறம் மாவட்டப் போட்டி, மாநிலப் போட்டி, எல்லாம் தார்ச்சாலை. முப்பதை நெருங்கும் வயதில் கோத்தகிரிப் பக்கம் ஒரு மலைப் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டாள். என்டூரோ என்று பெயர். ஏறும்போது எவரும் நேரம் பார்ப்பதில்லை; கல்லிலும் வேரிலும் விழுந்தடித்து இறங்குகிற நேரம்தான் கணக்கு. சாதாரண சைக்கிளில் இறங்கினால் பல்லைப் பொறுக்கிக்கொண்டு வர வேண்டியதுதான்.

வண்டியைக் கொடுத்தவர் நாகூர் அப்சர். மஸ்கட்டில் இருந்த காலத்தில் அங்கே பாறை மலைகளில் ஓட்டியவர். முட்டி போனபின் ஊர் திரும்பி, வண்டியைத் துடைத்துத் துடைத்து வைத்திருந்தார். "டீச்சர், உங்க எடைக்குத் தகுந்த மாதிரி நானே காத்து வெச்சிருக்கேன். ஓட்டிப் பாருங்க. மனசு ஒப்புச்சுன்னா மலைக்குப் போங்க. துளி சந்தேகம் இருந்தாலும் போகக்கூடாது, ஆமா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சுடர்விழியின் அம்மா அம்சம் வண்டியைச் சுற்றி வந்தாள். "முன்னாடி பின்னாடி தடித்தடியா என்னடி அது?"

"ஷாக் அப்சர்மா."

"அந்தத் தம்பி பேரையே வெச்சிருக்காங்களா? பரவாயில்லையே!"

சுடர்விழி ஏறி உட்கார்ந்தாள். பின்பக்கம் இரண்டு விரல்கடை அமுங்கியது. அம்சத்தின் முகம் சுருங்கிப்போனது. ஆயுசு முழுக்க சைக்கிளில் உரமூட்டையும் புல்லுக்கட்டும் ஏற்றியவள் அவள். டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்க்காமல் எந்த வண்டியையும் தொடமாட்டாள். அவள் அகராதியில் அமுங்குகிற வண்டி, கெட்டுப்போன வண்டி. அதில் போய்ப் பெற்ற மகள் மலையிலிருந்து இறங்குவதா? சுடர்விழி பள்ளிக்கூடம் போனதும், வண்டியோடு வந்த பையில் கிடந்த குட்டிப் பம்பை எடுத்தாள். பின்னாடி ஷாக் அப்சரில் மாட்டி, பம்பிலிருந்த அளவு முள் நகர நகர மூச்சு வாங்க அடித்தாள். டயர் இரண்டையும் கல்லாக்கினாள். நிம்மதியாகப் போய்ப் படுத்தாள்.

மறுநாள் காலை சோதனை. மலைக்கு எங்கே போவது? காவிரிப் படித்துறைதான். ஆறு காய்ந்து கிடந்தது. படி முடிகிற இடத்தில் வெறும் மணல். கல்லணையைத் தாண்டிவிட்ட தண்ணீர் எந்த நேரமும் வந்துவிடும் என்றார்கள். வந்தால் படிகள் மூழ்கிவிடும், இந்தப் பக்கத்தில் வேறு இறக்கமும் கிடையாது.

சுடர்விழி இறங்கினாள். மூன்று படிகூடத் தாண்டவில்லை, பின்சக்கரம் எகிறி அவளைத் தூக்கி மணலில் போட்டது. முழங்கை தோலுரிந்துவிட்டது. அழுகை வேறு பொத்துக்கொண்டு வந்தது. வலியில் இல்லை, ஆசையாசையாகப் பெயர் கொடுத்த பந்தயம் போச்சே என்று. அப்சருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"பாய், இந்த வண்டி எனக்கு ஒத்துவரல. பந்தயத்துலேருந்து பேரை எடுத்துடறேன்."

"பொறுங்க டீச்சர். உக்காந்தா பின்னாடி எவ்வளவு அமுங்குது?"

"அமுங்கவே இல்லியே. நேத்து அமுங்குச்சு."

மகள் விழுந்ததைப் பார்த்து அலறியடித்து ஓடிவந்த அம்சம் நடுவில் புகுந்தாள். "எப்படி அமுங்கும்? நேத்து நான்தானே இறுக்கக் காத்தடிச்சேன்!"

அப்சர் மெதுவாகச் சொன்னார்: "அம்மா, அது மூட்டை ஏத்துற வண்டி இல்லீங்க. கல்லுல மோதும்போது அது அமுங்கணும். அமுங்கலேன்னா உங்க பொண்ணைத்தான் தூக்கி எறியும்."

அம்சம் மகளின் முழங்கையைப் பார்த்தாள். "அய்யோ பாவி, நான்தான் தூக்கி எறிஞ்சிருக்கேனா? உனக்கு ஒண்ணும் ஆயிடக்கூடாதுன்னுதானேடி அடிச்சேன்" என்று முந்தானையால் மணலைத் தட்டிவிட்டாள். சுடர்விழிக்கு அழுவதா சிரிப்பதா தெரியவில்லை.

அப்சர் சொல்லச் சொல்லக் காற்றை இறக்கினார்கள். புஸ்ஸென்று போனது. உட்கார்ந்தால் இரண்டு விரல்கடை அமுங்கியது. சுடர்விழி மறுபடி படியின் உச்சிக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு ஏறினாள். பல்லைக் கடித்துக்கொண்டு விட்டாள். தடதடவென்று படிகள் கீழே ஓடின. வண்டி அமுங்கி எழுந்தது, கை மட்டும் ஆடவேயில்லை. மணலில் போய் நின்றபோது அவள் போட்ட கூச்சலில் அரசமரத்துக் காக்கைகள் பறந்தன.

ஆசை தீருமா? தள்ளிக்கொண்டு ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தாள். அப்போதுதான் மேற்கே "தண்ணி! தண்ணி!" என்று சத்தம் கேட்டது. செத்தையும் நுரையுமாக மணலை நக்கிக்கொண்டு காவிரி வந்தது. அவள் கடைசியாக ஒருமுறை இறங்கி, முன்சக்கரம் தண்ணீரில் நனைய நிறுத்தினாள்.

"மலைக்குப் போறேன் பாய்" என்றாள் போனில்.

அம்சம் படியிறங்கி வந்தாள். பழக்கதோஷத்தில் கட்டைவிரல் டயரை நோக்கிப் போனது. சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். இடுப்பில் செருகியிருந்த குட்டிப் பம்பை எடுத்து மகள் கையில் திணித்தாள்.

"இதையும் மலைக்கு எடுத்துட்டுப் போயிடு. வீட்ல இருந்தா என் கை சும்மா இருக்காது."