நூற்றிருபது பேர் தாங்கும் கூடம்

அந்தப் பழைய அரண்மனையின் மேல்மாடிக் கூடத்தில் பதினாறு வருஷமாகக் காவல் நின்றவளை எல்லோரும் 'கயிற்றக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். கூடத்தின் வடக்கு மூலையில் அவளாகவே ஒரு கயிற்றைக் கட்டி, சுற்றிப் பார்க்க வருகிறவர்களை அந்தப் பக்கம் விடாமல் பார்த்துக்கொண்டாள். அங்கே கால் வைத்தால் மரத்தளம் லேசாக அமுங்கும். மூன்று மேலாளர்களிடம் சொன்னாள். மூவரும் "பார்க்கலாம்மா" என்றார்கள். ஒருவரும் வந்து பார்க்கவில்லை.

நான்காவது மேலாளர் அரண்மனையை லேசரால் அளக்கச் சொன்னார். ஒரு வாரம் முக்காலிமேல் கருவி சுழன்றது. பிறகு அலுவலகச் சுவரை அடைத்தபடி ஒரு திரை வந்தது. அதில் அரண்மனையின் டிஜிட்டல் மாதிரி அறை அறையாகத் தெரியும். எந்த அறையில் எத்தனை பேர் என்று அதுவே சொல்லும். பச்சை என்றால் ஆளை விடலாம், சிவப்பு என்றால் நிறுத்த வேண்டும். மேல்மாடிக் கூடத்துக்கு நூற்றிருபது பேர் என்று முடிவாயிற்று. கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள்.

"சார், அந்த மூலை தாங்காது சார்."

"கம்ப்யூட்டருக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சா?"

"கம்பளத்த விரிச்சு வச்சுட்டுத்தானே அளந்தாங்க? அடியில மரம் எப்படி இருக்குன்னு அதுக்கு யாரு சொன்னா?"

மேலாளர் சிரித்தார். பக்கத்திலிருந்த எழுத்தரும் சேர்ந்து சிரித்தார். அந்த ஒத்துச் சிரிப்பில்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டுக்கு வந்தும் ஆறவில்லை. "மேல இருக்கிறவங்க சொன்னா கேட்டுட்டுப் போயேன்," என்றார் கணவர்.

"மேல இருக்கிறதே நான்தாங்க! அந்த மாடியில நிக்கிறது அவரா?"

பள்ளி விடுமுறையின் முதல் சனிக்கிழமை கூட்டம் அலைமோதியது. கூடத்தில் தொண்ணூறு பேர். பாதத்துக்கடியில் தளம் அதிர்வதை உணர்ந்ததும் அவள் படிவாசலில் இரண்டு கையையும் விரித்து நின்றுவிட்டாள்.

வாக்கி டாக்கி கத்தியது: "பச்சைதான் காட்டுது, ஆளை விடுங்க!"

"விட மாட்டேன்."

உள்ளே இருந்தவர்களை இரண்டிரண்டு பேராகச் சுவரோரமாக இறக்கினாள். பார்வையாளர்களைத் தடுத்தாள் என்று அன்று மாலையே பணிநீக்கக் கடிதம் கொடுத்தார்கள்.

அவள் அழவில்லை. திங்கட்கிழமை இரண்டு பஸ் மாறி, அந்த மாதிரியைச் செய்த நிறுவனத்துக்கே போனாள். அதை வரைந்த பொறியாளர் ஒரு பெண். முழுக்கக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"எங்ககிட்ட பரப்பளவு மட்டும்தான் கேட்டாங்க அக்கா. தளத்தோட பலத்த நாங்க சோதிக்கலன்னு அறிக்கையில முதல் பக்கத்துலயே எழுதியிருக்கோம்."

"அப்ப அதைப் படிக்கக்கூட இல்லையா அந்த மனுஷன்?"

மறுநாள் பொறியாளரே வந்து நின்று கீழ்த்தள விதானத்தைத் திறக்க வைத்தாள். இரண்டு உத்தரங்களைச் செல் அரித்திருந்தது. விரலை அழுத்தினால் உள்ளே போனது. கூடத்தை மூடினார்கள். கயிற்றக்காவைத் திரும்ப வேலைக்கு வரச் சொன்னார்கள்.

வாசலில் புது அறிவிப்பு தொங்கியது: 'நவீன டிஜிட்டல் மாதிரியின் உதவியால் ஆபத்து உரிய நேரத்தில் கண்டறியப்பட்டது.' அவள் அதை இரண்டு தரம் படித்தாள். உள்ளே மேலாளர் கையெழுத்துக்கு நீட்டிய தாளில், 'மன்னிப்புக் கேட்டுக்கொண்டதால் மீண்டும் பணியில் சேர்க்கப்படுகிறார்' என்று இருந்தது.

"யாரு, யார்கிட்ட கேட்டா?"

"ஒரு நடைமுறைக்காகம்மா..."

அவள் பேனாவை வாங்கி, மன்னிப்பு என்ற சொல்லைத் தாள் கிழியும்படி அடித்தாள். கீழே கையெழுத்துப் போட்டாள். வெளியே போய் அறிவிப்பைக் கழற்றிக்கொண்டு வந்து அவர் மேஜைமேல் வைத்தாள்.

"உண்மைய எழுதிட்டுத் தொங்க விடுங்க. அதுவரைக்கும் வாசல் சும்மாவே இருக்கட்டும்."