பூட்டு சாவிக் கோலம்

எங்கள் தெருவில் என்னளவுக்குக் கோலம் போட ஆள் கிடையாது. பத்து வயதில் எனக்கிருந்த ஒரே திமிர் அதுதான். அந்தத் திமிர்தான் என் அம்மாவைத் தேர்தலில் தோற்கடித்தது. இதை இதுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை.

திருவண்ணாமலையிலிருந்து கீழ்பென்னாத்தூர் போகும் சாலையில் இறங்கிக் கொஞ்ச தூரம் உள்ளே நடந்தால் எங்கள் ஊர். குடிதண்ணீர்க் குழாய் பாதி ஊரோடு நின்றுவிடும். நாங்கள் மீதிப் பாதி. விடியும் முன்பே அம்மா குடங்களோடு கழனியில் இருக்கும் மோட்டார் கொட்டாய்க்குப் போய்விடுவாள். இரண்டு வருஷம் மனு எழுதி எழுதி வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசுக்கு பஸ் ஏறிப் பார்த்தாள். கடைசியில், பஞ்சாயத்து மெம்பராக இருந்தால்தான் குழாய் நம் தெருவுக்கு வரும் என்று முடிவு செய்து, பெண்களுக்கு ஒதுக்கியிருந்த எங்கள் வார்டில் அவளே நின்றுவிட்டாள். சின்னம் மூக்குக்கண்ணாடி.

எதிர்த்து நின்றது செங்கல் சூளைக்காரர் மனைவி. பூட்டு சாவி. அந்தம்மா வீடு முன்பாதி ஊரில், வாசலிலேயே குழாய்.

"உனக்குப் போடாம வேற யாருக்குக்கா போடப்போறோம்" என்று தெருப் பெண்கள் அத்தனை பேரும் அம்மாவிடம் சொன்னார்கள். அன்றைக்கு அது உண்மை. இதை இன்றைக்கும் அடித்துச் சொல்வேன்.

மலைமேல் தீபக் கொப்பரையை இறக்கியாகி, மார்கழி பிறந்திருந்தது. அம்மா வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து சூளைக்காரம்மா எங்கள் தெருவுக்கு வந்தாள். கோலப்போட்டியாம். வாசலில் பூட்டு சாவி வரைய வேண்டும். நன்றாக வந்த கோலத்துக்கு எவர்சில்வர் குடம் பரிசு. "ஓட்டு உங்க இஷ்டம். கோலம் வேற, ஓட்டு வேற" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் விடியற்காலை எதிர்வீட்டு அத்தை கோலமாவு டப்பாவோடு என்னிடம் வந்தாள். "பாப்பா, எனக்கு இந்த வளைவெல்லாம் வராது. நீயே போட்டுக் குடுடா. குடம் வந்தா வரட்டும், ஓட்டு உங்கம்மாவுக்குத்தான்." போட்டுக் கொடுத்தேன். பிறகு பக்கத்து வீடு, அதற்குப் பக்கத்து வீடு. பனியில் விரல் விறைத்துப் போனாலும் ஒரு வாசலையும் விடவில்லை. எங்கள் வாசலில் மட்டும் கண்ணாடி போட்டேன். கண்ணாடியில் என்ன இருக்கிறது, இரண்டு வட்டம். பூட்டு சாவியில்தான் கைவேலை காட்ட முடியும்.

அம்மா தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடமாகத் தெருமுனையில் திரும்பினாள். ஒவ்வொரு வாசலாகப் பார்த்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்தாள்.

"யார் போட்டது?"

"எல்லாமே நான்தாம்மா."

"நல்லா வந்திருக்குடி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அன்றைக்கு முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

வெயில் ஏறியதும் சூளைக்காரர் ஆட்கள் வந்து தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை செல்போனில் படம் எடுத்தார்கள். எங்கள் வாசலை மட்டும் தாண்டிப் போனார்கள். மதியத்துக்குள் அது ஊர் முழுக்க எல்லோர் போனிலும் ஓடியது. தெருவே பூட்டு சாவி பக்கம் என்று மேலே எழுதியிருந்தது.

கொடுமை இனிமேல்தான். எதிர்வீட்டு அத்தைக்குத் தன் வாசல் கோலம் குடத்துக்காகப் போட்டது என்று நன்றாகத் தெரியும். ஆனால் மற்ற வீட்டுக் கோலமெல்லாம் நிஜம் என்று நம்பினாள். மற்ற வீடுகளிலும் இதே கதைதான். ஊரோடு ஒத்து வாழ் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஊர் எந்தப் பக்கம் என்று ஊருக்கே தெரியாவிட்டால் என்ன செய்வது என்று எந்த வாத்தியாரும் சொல்லவில்லை. அம்மா ஓட்டுக் கேட்டுப் போனபோது பெண்கள் தலையாட்டினார்கள், முகத்தைப் பார்க்கவில்லை.

அம்மா வாங்கிய ஓட்டு எங்கள் தெருவில் இருக்கும் வீடுகளைவிடக் கம்மி.

எண்ணி முடித்த அன்று சாயங்காலம் எதிர்வீட்டு அத்தை வந்து நிலைப்படியில் நின்றாள். "மனசு உன் பக்கம்தான்க்கா. எல்லாரும் அங்க சாயறாங்க, நான் ஒருத்தி போட்டு இன்னா ஆவப்போவுது, ஓட்டு வீணாப் போவுமேன்னுதான்..."

அம்மா அரிசியில் கல் பொறுக்குவதை நிறுத்தவில்லை. "பக்கத்து வீட்ல இப்பதான் இதையே சொல்லிட்டுப் போனாங்க. நீங்க ரெண்டு பேரும் முன்னாடியே ஒருத்தர ஒருத்தர் கேட்டிருக்கலாம்."

அத்தை அழுதாள். அம்மா அழவில்லை. எனக்கு இருவர்மேலும் எரிச்சலாக இருந்தது, ஏனென்றால் மறுநாள் எனக்குப் பரிசு.

கோலம் அத்தனையும் போட்டவள் நான் என்பதால் குடம் எனக்கே வந்தது. புது மெம்பரம்மா தன் கையாலேயே கொடுத்தாள், எல்லோரும் கைதட்டினார்கள். குடத்தின் வயிற்றில் அவள் பெயரும் கீழே ஒரு பூட்டு சாவியும் வெட்டியிருந்தது. வீட்டுக்கு ஓடி வந்து நீட்டினேன். அம்மா வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எங்கள் பழைய குடம் ஒன்று ஒழுகிக்கொண்டிருந்தது. மறுநாள் விடியற்காலை புதுக் குடம்தான் மோட்டார் கொட்டாய்க்குப் போனது. குழாய் இன்றைக்கும் பாதி ஊரோடுதான் நிற்கிறது.

அந்தக் குடத்தைத் தூக்கும்போது மட்டும் அம்மா பெயர் வெட்டிய பக்கத்தை இடுப்போடு ஒட்டி வைத்துக்கொள்வாள். வெட்டின எழுத்து இடுப்பில் உறுத்தாதா என்று ஒருநாள் கேட்டேன்.

"இப்படி வெச்சாத்தான் தண்ணி சிந்தாது" என்றாள்.

நம்பினேன். ரொம்ப நாள் நானும் அந்தக் குடத்தை அப்படித்தான் தூக்கினேன்.