சீரைச் சுற்றிப் போட்ட தரை

நான்கு வருஷம் புண்ணாக்கு மூட்டைகளோடு படுத்து எழுந்தவள் நான். மீனாட்சிபுரத்துக்குப் பக்கத்தில், மலையாளச் சீமை எல்லைக்குள் எங்கள் வீடு. மாடும் கொஞ்சம் தென்னையும்தான் பிழைப்பு. மாட்டுத் தீவனம் வைக்கிற சின்ன அறையில், தவிட்டு மூட்டைக்கும் புண்ணாக்கு மூட்டைக்கும் நடுவே ஒரு பாய் விரிக்க இடம் இருந்தது. அதுதான் என் இடம். சீயக்காய் போட்டு எத்தனை தேய்த்தாலும் தலையில் அந்த வாசம் போகாது. ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவள் ஒரு தரம் மூக்கைச் சுளித்துவிட்டு நகர்ந்து உட்கார்ந்தாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. என் சேலை எனக்கே பிடிக்காமல்தான் இருந்தது.

வீட்டில் அறை இல்லாமல் இல்லை. முன்கூடம், தம்பியின் அறை, சமையல்கட்டு, அப்புறம் உள்ளறை. உள்ளறைதான் இருப்பதிலேயே நல்ல அறை. தெற்கே ஜன்னல், நல்ல காற்று. அதில் என் சீர் குடியிருந்தது.

எனக்குக் கல்யாணம் பேசியபோது மாப்பிள்ளைக்கு மலைமேல் சக்குபள்ளத்தில் ஓர் ஏலத்தோட்டத்தில் கணக்கு எழுதுகிற வேலை. தோட்டத்தில் கொடுத்திருப்பது ஒற்றை அறை, பெரிய வீடு கிடைத்ததும் லாரி அனுப்புகிறோம், அதுவரை சீர் உங்களிடமே இருக்கட்டும் என்றார்கள். அப்பா இல்லாமல் அம்மா ஒற்றை ஆளாக நின்று சேர்த்த சீர் அது. கட்டில், மெத்தை, மரப் பீரோ, பித்தளை அண்டா, குடங்கள், ஒரு டஜன் எவர்சில்வர் டம்ளர். எல்லாவற்றையும் வைக்கோல் வைத்துச் சுற்றி, சாக்கில் தைத்து, உள்ளறையின் நடுவில் லாரிக்குத் தயாராக அடுக்கிவைத்தாள். நான் ஒரு தகரப்பெட்டியோடு மலையேறினேன். ஏழே மாதத்தில் அதே பெட்டியோடு இறங்கி வந்தேன். அந்த மனிதருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் முன்பே ஒரு குடும்பம் இருந்தது. பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள். பார்த்ததும் எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. மறுநாள் முதல் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

வந்த அன்று அம்மா எதுவும் கேட்கவில்லை. சோறு போட்டாள். ஆனால் அக்கம்பக்கத்தில் யார் கேட்டாலும் அவளிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. "மாப்பிள்ளை மலைமேல வேலையா இருக்காருங்க. வந்து கூட்டீட்டுப் போவாரு." முதல் வருஷம் அதைக் கேட்டு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்புறம் மாட்டைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நின்றுவிடுவேன். சீர் மட்டும் சாக்கைச் சுற்றிக்கொண்டு உள்ளறையில் மகாராணிபோல் உட்கார்ந்திருந்தது.

எழுபதுகளின் நடுவில் ஒரு தை மாதம், தம்பிக்குப் பெண் பார்க்கலாம் என்று பேச்சு எழுந்தது. பெண் வீட்டார் முதலில் வீட்டைத்தான் பார்க்க வருவார்கள். எங்கள் வீடு இருந்த லட்சணத்துக்கு எவரும் பெண் கொடுக்கமாட்டார்கள். ஓடு ஒழுகிற்று, சுவர் பெயர்ந்து கிடந்தது, தரை மண் தரை. எல்லாவற்றையும் சரிசெய்கிற பொறுப்பை நான் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அம்மாவுக்கும் தம்பிக்கும் ஆச்சரியம். என் மனசில் இருந்ததை நான் சொல்லவில்லை. வருகிறவள் வந்துவிட்டால் வீட்டில் இடமெல்லாம் பிரிந்துவிடும். அதற்குள் அந்த உள்ளறையை எனக்கென்று வாங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் கிழவியாகும்வரை புண்ணாக்கோடுதான்.

அட்டாலியில் தொடங்கினேன். கூரைக்குக் கீழே பலகை போட்ட அந்தப் பரணில் எங்கள் வீட்டார் மூன்று தலைமுறையாக எதையும் தூக்கிப்போடாமல் ஏற்றி வைத்திருந்தார்கள். கிணற்றுக்குக் கரண்ட் மோட்டார் வந்து பல வருஷம் ஆகியும், மாடு கட்டி இறைத்த காலத்துத் தோல்பை அங்கே சுருண்டு கிடந்தது. துணியில்லாத குடைக்கம்பிகள் ஒரு கட்டு. மூடி தொலைந்த ஜாடிகளும், ஜாடி உடைந்த மூடிகளும். தம்பி ஏணியின் அடியில் நின்றுகொண்டு நான் இறக்குகிற ஒவ்வொன்றையும் கட்டிப்பிடித்தான்.

"அக்கா, இது ஒரு நாளைக்கு வேண்டியிருக்குமுங்க்கா."

"பத்து எண்ணுவேன். அதுக்குள்ள எதுக்குன்னு சொல்லு. சொல்லீட்டா வெச்சுக்க."

பாவம், குடைக்கம்பிக்கு அவன் ஏழு வரைக்கும் யோசித்தான். இரண்டு வண்டிச் சாமான் வெளியே போயிற்று. கூரைக்குக் கீழே வெளிச்சம் வந்து, எட்டுக்கால் பூச்சிகள் வெயிலைப் பார்த்து ஓடின. எனக்கு அன்றைக்குப் பசிக்கவே இல்லை, அத்தனை சந்தோஷம்.

மாசியில் ஓடு பிரித்து மாற்றினோம். பங்குனியில் சுவரைச் சுரண்டிப் பூசி, சுண்ணாம்பு அடித்தோம். சுண்ணாம்பை ஊறவைத்து, வடிகட்டி, அடித்ததெல்லாம் நானேதான். கையெல்லாம் வெந்து தோல் உரிந்தது. சிமெண்டுக்குப் பெர்மிட் வாங்கவேண்டிய காலம் அது. அபேட்சை மனுவை மலையாளத்தில் எழுத வேண்டும். எட்டாம் கிளாஸ் வரை படித்த மலையாளத்தைத் தூசி தட்டி எழுதிக்கொண்டு சித்தூர் தாலுகா ஆபீசுக்கு நான்கு நடை நடந்தேன். முதல் மூன்று நடைக்கும் நாளை வா என்றார்கள். நான்காவது நடைக்குத் தூக்குப்போணியில் சோறு கட்டிக்கொண்டு போய் ஆபீஸ் வராந்தாவிலேயே உட்கார்ந்தேன். சாப்பிட்டு முடிப்பதற்குள் கையெழுத்து வந்துவிட்டது.

சித்திரையில் கொத்தனார் வந்தார். முன்கூடத்துக்கும் அறைகளுக்கும் சிவப்புக் காவி கலந்த சிமெண்டுத் தரை. நடுவயதுக்காரர், வேலையில் சுத்தம். முன்கூடமும் தம்பியின் அறையும் முடித்து உள்ளறை வாசலுக்கு வந்தவர் சாக்குக் குவியலைப் பார்த்து நின்றார்.

"அம்மிணி, இதையெல்லாம் எடுத்து வெளிய வெச்சாத்தானுங்க தரை போட முடியும்."

நான் காத்திருந்த இடம் இதுதான். சாமான்களை நகர்த்தித்தான் ஆகவேண்டும், நகர்த்திவிட்டால் பிறகு அறை என்னுடையது என்று கணக்குப் போட்டிருந்தேன். ஆனால் அம்மா மாட்டுக்கொட்டகையிலிருந்து கையைக்கூடக் கழுவாமல் வந்து வாசலை மறித்து நின்றாள்.

"சீரு நகரக்கூடாது. எடுத்தா வாசலுக்குத்தான் எடுக்கோணும். உள்ளுக்குள்ளயே எடுத்து வெச்சா சீரு கலைஞ்ச மாதிரி."

"ஆரும்மா அப்படிச் சொன்னா?"

"ஆரு சொல்லோணும்? எனக்குத் தெரியும்."

"அப்பறம் தரை எப்படிப் போடறது?"

"சுத்திப் போடச் சொல்லு."

கொத்தனார் என்னைப் பார்த்தார். "நடுவுல மண்ண உட்டுட்டுச் சுத்தியும் போட்டா, தண்ணி கட்டறப்ப அந்த மண்ணு ஊறிப்போகுமுங்க."

அப்போது நான் நிதானமாக இருந்திருக்க வேண்டும். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. "சரி, சுத்தியே போடுங்க. சீரு சிம்மாசனத்துல உக்காந்திருக்கட்டும்" என்று கத்திவிட்டு வெளியே போய்விட்டேன். அவரும் போட்டார். கட்டில் நீளத்துக்கும் பீரோ அகலத்துக்கும் நடுவில் ஒரு சதுரம் பழைய மண் தரை. சுற்றிலும் பளபளவென்று சிவப்புச் சிமெண்டு. சிமெண்டு இறுகுவதற்காகச் சாக்கு விரித்துப் பத்து நாள் தண்ணீர் கட்டி வைத்தோம். குளத்து நடுவில் திட்டு மாதிரி சீர் நின்றது. கட்டிய தண்ணீரில் பாதியை அந்த மண் குடித்துவிட்டது.

வைகாசிக் கடைசியில் மழை பிடித்தது. வீடு ஒரு சொட்டு ஒழுகவில்லை. பெருமையாக அறை அறையாகப் பார்த்துக்கொண்டே வந்தவள், உள்ளறைச் சாக்கின்மேல் விரல் தடிமனுக்கு ஒரு மண்கோடு ஏறியிருப்பதைப் பார்த்தேன். கோட்டைச் சுரண்டினேன். உள்ளே வெள்ளையாய் நெளிந்தது. கரையான்.

வீடெல்லாம் சிமெண்டு போட்டு மூடியாயிற்று. மிச்சம் இருந்தது அந்த ஒரு சதுரம்தான், அதுவும் ஈரத்தோடு. கரையானுக்கு வேறு வழி ஏது? அரிவாளை எடுத்து வந்து சாக்குத் தையலை அறுத்தேன். வைக்கோல் மண்ணாய்க் கொட்டியது. மெத்தை கையோடு வந்தது. கட்டில் காலில் விரலை வைத்து அழுத்தினால் உள்ளே போயிற்று, இரண்டு காலும் பொந்து. பீரோவின் முதுகுப்பலகை அப்பளம். பித்தளையும் எவர்சில்வரும் மட்டும் தப்பித்திருந்தன. அண்டாவுக்குள் இருந்த டம்ளர்களின் அடியில் கடைக்காரர் ஒட்டிய காகிதம்கூட அப்படியே இருந்தது.

நிமிர்ந்து பார்த்தால் அம்மா வாசலில் நின்றிருந்தாள். நான்கு வருஷமாகச் சொல்லாததைச் சொல்லிவிட்டேன்.

"நான் போகமாட்டேன்மா. லாரி வந்தாலும் போகமாட்டேன். அந்தாளே வந்து நின்னாலும் போகமாட்டேன். வந்த அன்னிக்கே சொல்லியிருக்கோணும். நீ தாங்கமாட்டீன்னு சொல்லல. எனக்கு இந்த ரூமு வேணும்."

அவள் வந்து உட்கார்ந்தாள். ஒரு டம்ளரை எடுத்து முந்தானையால் துடைத்தாள். எதற்காக எந்தக் கடையில் எப்படி வாங்கினாள் என்று ஒவ்வொன்றுக்கும் அவளிடம் ஒரு கதை இருந்திருக்கும். துடைத்ததை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். கறவை நேரம் வந்ததும் எழுந்து போய்விட்டாள். அவளைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் அரிவாளைக் கீழே வைக்கவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு மாதத்துக்கு மேல் அம்மாவுக்கு என்னோடு பேச்சு இல்லை. தம்பியிடம் சொல்வாள், தம்பி என்னிடம் சொல்வான். பித்தளையை மட்டும் அவளே புளி போட்டுத் துலக்கி, டம்ளர்களைக் காகிதம் போகாமல் துடைத்து, சமையல்கட்டு மேல்பலகையில் கவிழ்த்து வைத்தாள். தினமும் நாங்கள் காப்பி குடித்தது நசுங்கிய பழைய பித்தளை டம்ளரில்தான். தம்பி கட்டிலுக்கு வேறு கால் போட்டுக் கொடுத்தான். கொத்தனார் மறுபடி வந்து மண்ணைத் தோண்டி, மருந்து ஊற்றி, சதுரத்தைப் பூசினார். எவ்வளவு முயன்றும் நிறம் சேரவில்லை. தரை நடுவில் ஒரு கட்டில் அளவுக்கு அடர்ந்த சிவப்பு தனியாகத் தெரிந்தது. நான் பாயைச் சுருட்டிக்கொண்டு அந்த அறைக்குப் போனேன். அம்மா போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை.

ஆவணியில் பெண் வீட்டார் வந்தார்கள். ஏழு பேர். பெண்ணின் அத்தைதான் அதிகாரம். கூரையைப் பார்த்தார், சுவரைத் தடவினார், மோட்டாரைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். மோட்டாரைத் தவிர எல்லாம் நான் செய்தது, ஒன்றிலும் குறை சொல்ல முடியவில்லை. கடைசியில் உள்ளறைக்குள் வந்து தரையைப் பார்த்து நின்றார்.

"ஏனுங்க, நடுவுல மட்டும் வேற கலரா இருக்குது?"

வாழாமல் வந்த நாத்தனார் வீட்டோடு இருக்கிறாள் என்றால் பெண் கொடுக்கத் தயங்குவார்கள். அம்மா அந்தப் பழைய பதிலைச் சொல்லப்போகிறாள், தம்பிக்காக நானும் தலையாட்டியாக வேண்டும் என்று தயாரானேன். அப்படித் தலையாட்டினால் அறை போயிற்று என்றும் தெரியும்.

அம்மா முன்னால் வந்து நின்றாள். "அங்க என்ற மக சீரு இருந்துதுங்க. அது போகலீங்க. அவளும் இனிப் போகலீங்க. இது அவ ரூமு. இந்த ஊட்ட எடுத்து நிறுத்துனது அவதானுங்க. அதையும் தெரிஞ்சுட்டுத்தான் பொண்ணக் குடுக்கோணும்."

அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, "சரி, காப்பி குடிக்கலாமுங்க" என்றார்.

அம்மாவே தட்டில் எடுத்து வந்தாள். ஏழு எவர்சில்வர் டம்ளர். முகம் தெரிகிற பளபளப்பு. எட்டாவதை என் கையில் கொடுத்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சூடான காப்பியை ஊதுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

அந்தச் சம்பந்தம் அமையவில்லை. ஜாதகம் சரியில்லை என்று சொல்லியனுப்பினார்கள். அடுத்த தையில் வேறு இடத்தில் அமைந்தது. முதல் இடம் தவறியதற்காக அம்மா ஒரு நாளும் வருத்தப்பட்டுப் பேசியதில்லை.

ஆனால் அவர்கள் வந்த அன்று சாயங்காலமே எனக்கு விஷயம் முடிந்துவிட்டது. வந்தவர்கள் போனபின் டம்ளர்களைக் கழுவ உட்கார்ந்தேன். எல்லாவற்றின் அடியிலும் காகிதத்தை நகத்தால் சுரண்டிய தடம். காலையில் அவள் சமையல்கட்டில் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் என்ன செய்தாள் என்று அப்போதுதான் தெரிந்தது. ஒன்றில் மட்டும் பாதிக் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்துவிட்டேன்.

அம்மா மாட்டுக்குத் தண்ணீர் தூக்கிக்கொண்டு போனவள் நின்றாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு நேராக என்னைப் பார்த்துப் பேசினாள்.

"என்னத்தப் பாத்துட்டு உக்காந்திருக்கற? சொரண்டிப் போடு. நாளைக்கும் அதுலதான் குடிக்கோணும்."