ஆயுத பூஜைக்குக் கழுவிய லாரி

ஆயுத பூஜைக்கு முதல் நாள், குழந்தையைத் தூளியில் போட்டுவிட்டு எங்கள் பழைய லாரியை நானே கழுவினேன். மாலையில் ஐயம்பேட்டை மெக்கானிக் வந்து பின்கதவுக் கொக்கிக்கு வெல்டிங் வைத்தார். மறுநாள் பூஜை முடிந்ததும் வண்டி கிளம்பவில்லை. சக்கரத்தடியில் வைத்த எலுமிச்சம்பழம் நசுங்காமலே கிடந்தது.

இஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டர் பெட்டி போய்விட்டது என்றார் மெக்கானிக். "தண்ணி பூந்துக்குது. அண்டா கழுவற மாதிரி கழுவினா வேற இன்னாம்மா ஆவும்?"

என் கணவர் என்னைப் பார்த்தார். கழுவும் முன் பெட்டியைப் பிளாஸ்டிக் உறையால் மூடியது நினைவிருந்தது; இறுகக் கட்டினேனா என்பதுதான் சந்தேகம். "என் தப்புதான்" என்று சொல்லிவிட்டேன்.

புதுப் பெட்டி சென்னையிலிருந்து வரப் பத்து நாளானது. பத்து நாளும் கணவருக்குத் தலைகுனிந்தே சோறு போட்டேன்.

மெக்கானிக் அதை மாட்டியதும் இஞ்சின் ஓடியது. புதுப் பெட்டியுடன் வந்த தாளைப் படித்தேன். பேட்டரி இணைப்பைக் கழற்றாமல் வெல்டிங் வைத்தால் கம்ப்யூட்டர் கெட்டுவிடும் என்று அதில் இருந்தது. பழைய பெட்டியைத் திறக்கச் சொன்னேன். உள்ளே ஈரத்தின் தடமே இல்லை. ஒரு மூலை கருகியிருந்தது.

"அண்ணே, அன்னிக்கு பேட்டரி ஒயரைக் கழட்டினீங்களா?"

"இத்தினி வருசமா வெல்டிங் வெக்கிறேன், யாரும்மா அதெல்லாம் கழட்டினாங்க?"

தெரியாமல் செய்ததை மன்னிக்கலாம். கொஞ்சமும் யோசிக்காமல் பழியை என் தலையில் கட்டினாரே!

கணவர் சிரித்தார். "விடும்மா, வண்டிதான் ஓடுதே."

"விட மாட்டேன். தப்பு என்னுது இல்லன்னு ரெண்டு பேரும் வாயால சொல்லுங்க."

மெக்கானிக் ஸ்பானரைத் தேடினார். கணவர் சொன்னார், லாரியைப் பார்த்துக்கொண்டு.